இரண்டு பேர் சொல்லும் காதல் கதை: அலுப்பு எங்கே வருகிறது?

உங்கள் காதல் கதையை அவன் ஓர் அத்தியாயம், அவள் ஓர் அத்தியாயம் சொல்வதாக மாறி மாறி எழுதினால், படித்த தோழி "இதைத்தான் போன அத்தியாயத்திலேயே படிச்சேனே" என்கிறாள் என்றீர்கள். அவள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது ஆள் நடந்ததையே திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

வெண்டலின் வான் டிரானென் 2001-இல் எழுதிய 'ஃபிளிப்ட்' நாவலும் இதே வடிவம்தான். ஜூலி தன் கோழிகள் இட்ட முட்டைகளைத் தனக்குப் பிடித்த பையன் பிரைஸிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவன் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் குப்பையில் போடுகிறான். அவன் பக்கத்தில் அது தர்மசங்கடம். அவள் பக்கத்தில் பிரியம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாததால்தான் அலுப்பதில்லை.

உங்கள் குடைக் காட்சியில், நீட்டிய குடையை அவள் வாங்காததை அவன் அவமானமாக எடுத்துக்கொள்கிறான். சரி. அவள் அத்தியாயத்தில் மழையையே தொடாதீர்கள். வீட்டில் நனைந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தியபடி தன்னையே திட்டிக்கொள்ளட்டும்.

அப்புறம், 'அன்றுதான் எனக்குப் புரிந்தது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். (பதினாறு வயதில் யாருக்கு அன்றே புரிந்திருக்கிறது?) அவனை எப்போதும் கூப்பிடும் பட்டப்பெயரை ஒரு நாள் அவள் சொல்லாமல் விட்டாலே போதும்.