ஓசையும் பொருளும்: கேள்வி பதில்

கேள்வி (தமிழாசிரியை): ஐயா, எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் தொடர், ஒலிக்கும் முறையால் வேறு பொருள் தருவதைத் தொல்காப்பியம் பேசுகிறதா?

பதில்: பேசுகிறது, அம்மா. 'எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி, இசையின் திரிதல் நிலைஇய பண்பே' என்பது, சொற்கள் சேரும் முறையைக் கூறும் புணரியல் என்னும் பகுதியில் வரும் நூற்பா. உரையாசிரியர்கள் இதற்குச் 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரைக் காட்டுவர். 'செம்பொன்' என்று நிறுத்திப் 'பதின்றொடி' என்றால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு' என்று நிறுத்தி 'ஒன்பதின்றொடி' என்றால் ஒன்பது தொடி எடையுள்ள வெறும் செம்பு. 'குன்றேறாமா' என்பதும் அப்படியே: குன்றில் ஏறும் காட்டுப்பசுவாகவும் கொள்ளலாம், குன்றில் ஏறாத விலங்காகவும் கொள்ளலாம். இவற்றை வேறுபடுத்திக் காட்ட எழுத்து வடிவில் வழியில்லை, குறிப்பால்தான் உணர வேண்டும் என்று அடுத்த நூற்பா சொல்கிறது. எழுத்தின் எல்லையை ஓர் இலக்கண நூல் இத்தனை நேர்மையாக ஒப்புக்கொள்வது எனக்குப் பெரும் வியப்பு.

கேள்வி (வெளிநாட்டில் வளர்ந்த வாசகர்): ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அதுவே முதன்மை பெறுகிறது. தமிழில் எப்படி?

பதில்: தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'ஆ', 'ஏ' போன்று சொல்லோடு ஒட்டி வரும் இடைச்சொல் செய்கிறது. 'கண்ணனா நேற்று ஊருக்குப் போனான்?' என்றால் ஆளைப் பற்றிய ஐயம். 'கண்ணன் நேற்றா ஊருக்குப் போனான்?' என்றால் நாளைப் பற்றியது. 'ஊருக்கா' என்றால் இடத்தைப் பற்றியது. ஆனாலும் குரலுக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை. 'அவனே வந்தான்' என்பது, பிறர் யாரும் வரவில்லை என்றோ, அழைக்காமல் தானாக வந்தான் என்றோ, வரமாட்டான் என்று நினைத்த அவன்கூட வந்துவிட்டான் என்றோ பொருள்படலாம். மூன்றில் எது என்பதைப் பேசுவோரின் குரலும் பேச்சின் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை (பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டல்), எண் (அடுக்கிச் சொல்லுதல்), ஈற்றசை (இறுதியில் வரும் அசை) என ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் 5 பொருள் வகுத்ததை இதனோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அப்படியானால் தமிழும் சீனத்தைப் போன்ற தொனிமொழியா?

பதில்: இல்லை, தம்பி. சீன மொழியான மாண்டரினில் 'மா' என்னும் ஒரே அசை, சுருதி மாறுவதற்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனத் தனித்தனிச் சொல்லாகிறது. தமிழில் சுருதி தொடரின் நோக்கத்தை மாற்றுமே தவிர, சொல்லையே வேறாக்குவதில்லை. இந்திய மொழிகளுள் பஞ்சாபியில், சுருதியால் சொல்லே வேறாகும் பண்பு உண்டு.

கேள்வி (இல்லத்தரசி): கைப்பேசியில் மகன் 'சரி' என்று மட்டும் எழுதுகிறான். சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லையே?

பதில்: நேரில் என்றால் இழுத்துச் சொன்ன 'சரீ' ஐயத்தையும், வெட்டிச் சொன்ன 'சரி' பேச்சை முடிக்கும் எண்ணத்தையும் காட்டிவிடும். எழுத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதால், அவ்வொரு சொல்லைக் கொண்டு மனநிலையை ஊகிக்க வேண்டாம். குரலைக் கேட்கும்படி ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள், அம்மா.