கடைக் கணினியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அண்ணனின் மருந்துக் கடைக்குப் பைதானில் ரசீது போடும் மென்பொருள் எழுதுகிறேன். என் மடிக்கணினியில் லினக்ஸ், கடையில் விண்டோஸ் 7. சாளரங்கள் அமைக்க எந்த நூலகம் நல்லது: டிகிண்டரா, பைசைட்6-ஆ? முடித்ததும் கடையில் எப்படி நிறுவுவது?

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குக் கடைக் கணினியே பதில் சொல்லிவிட்டது. விண்டோஸ் 7-க்குப் பைதான் 3.8 தான் கடைசிப் பதிப்பு. பைசைட்6 அங்கே ஓடாது. விண்டோஸில் பைதானோடு சேர்ந்தே வரும் டிகிண்டர் போதும். தோற்றம் சற்றுப் பழையதுதான். ஆனால் ரசீதுக்கு வேண்டியது நான்கு பெட்டிகளும் ஒரு பட்டியலும்.

அடுத்தது மிக முக்கியம். பைதான் நிறுவாத கணினியிலும் ஓடும் கோப்பாக நிரலை மாற்றித் தரும் கருவி பைஇன்ஸ்டாலர். அது எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ, அதற்கான கோப்பை மட்டுமே உருவாக்கும். இதை அறியாமல் லினக்ஸில் உருவாக்கிய கோப்பை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய், திறக்க முடியாமல் திரும்பியிருக்கிறேன். இரண்டு மாத உழைப்பு. அன்றைய வருத்தம் இன்றும் மறக்கவில்லை. ஆகவே முதல் வாரமே ஒரே ஒரு பொத்தான் உள்ள சாளரத்தை விண்டோஸில் கோப்பாக்கி, கடையில் ஓட்டிப் பாருங்கள். ஓடிய பிறகு மற்றதை எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அடைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்த பிறகே திறக்கும். வாடிக்கையாளர் நிற்கும்போது அந்தத் தாமதம் பெரிது. கோப்புறையாகவே கொடுங்கள். கணக்குகளைச் சேமிக்க எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளம் போதும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் இணைய இணைப்பு வேண்டாம் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.