மூன்று விநாடி மௌனமும் முகத்துவாரத்து மணலும்

கேள்வி: கடலூர் முதுநகரை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் 46 பிள்ளைகள். நான் பேசுகிறேன், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் முன்வரிசையில் இருவர் மட்டுமே கை தூக்குகிறார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவன் கடைசி பெஞ்சில் தூங்கியே ஆண்டை ஓட்டுகிறான். படைப்பாற்றலை வளர்க்கச் சொல்கிறார்களே என்று சனிக்கிழமைகளில் ஓவியம், விடுகதை, சார்ட் என்று தனி வகுப்பு வைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சிரிக்கிறார்கள், திங்கட்கிழமை பழையபடி வாய் மூடிக்கொள்கிறார்கள். போர்ஷனையும் முடித்தாக வேண்டும். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, கடலூர்

பதில்: சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட வேண்டாம், பிள்ளைகள் சிரிக்கும் ஒரு மணி நேரம் வீணானதல்ல. ஆனால் திங்கட்கிழமை மௌனத்துக்கான மருந்து அதில் இல்லை. நீங்கள் எந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கிறீர்கள், கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்ற இரண்டில்தான் அது இருப்பதாக உங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்குத் தோன்றுகிறது.

சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே அளக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கி, அதில் பாதியைச் செயல்பாடுகளுக்கென்றே வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்றால், பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த படங்கள் சார்ட் பேப்பரில் ஒட்டப்பட்டு, வகுப்புச் சுவரில் தொங்கி, ஆண்டு இறுதியில் பழைய பேப்பர்க்காரரிடம் போயின. அந்த நாள்களில் அப்படிப்பட்ட சார்ட்டுகளுக்கு யோசிக்காமல் முழு மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை.

காத்திருப்புக்கு வருகிறேன். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேச முன்வந்தார்கள், பிள்ளைகள் தாமாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று விநாடி என்பது படிக்க அற்பமாகத் தெரியும். 46 முகங்களுக்கு முன்னால் நின்று அதைக் கடப்பது ஒரு யுகம் போலிருக்கும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக்கொள்ளுங்கள். முன்வரிசை இருவரின் கைகள் உயர்ந்தாலும் எண்ணி முடிக்கும்வரை யாரையும் கூப்பிடாதீர்கள்.

ஆனால் 'மணல் திட்டு என்றால் என்ன?' என்று கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நோட்ஸில் உள்ள இரண்டு வரிதான் திரும்பி வரும். உங்கள் வகுப்புப் புவியியலில் வரும் புவிப் புறச்செயல்முறைகள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் ஊரில் இருந்துகொண்டு, மணல் திட்டையும் காயலையும் புத்தகப் படத்தில் காட்டுகிறோம். அதற்குப் பதிலாகப் புத்தகத்தைத் திறக்குமுன் கரும்பலகையில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடுகிறது, மழைக்காலத்தில் திறக்கிறது. அந்த மணலை யார் கொண்டுவருகிறார்கள், ஆறா, கடலா?' பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஊகத்தை எழுதட்டும், அல்லது படமாக வரையட்டும். தவறான ஊகத்துக்குச் சிவப்பு மை வேண்டாம்.

ஆறு என்று பாதிப் பேர் எழுதுவார்கள், கடல் என்று மீதிப் பேர். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கோடையில் ஆற்றில் தள்ளும் வேகம் இல்லை, அலையோ கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. நம் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த நகர்வு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. இது விளங்கியதும் அடுத்த கேள்வியைப் போடுங்கள்: புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள், அதற்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு என்ன ஆகியிருக்கும்? மணல் போய்க் கரையில் கருங்கல் கொட்டவேண்டி வந்ததை வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவருவது வீட்டுப்பாடமாக இருக்கட்டும். அந்தச் சுவரைக் கட்டுமுன் நீ பொறியாளராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்பது அதற்கடுத்த நாளுக்கு. படைப்பாற்றல் என்று நாம் தேடுவது இந்த மூன்றாவது கேள்வியில் தலைகாட்டும். முதல் இரண்டையும் கடக்காமல் அதைக் கேட்டால் வெறும் கற்பனைதான் கிடைக்கும்.

தூங்கும் அந்த மாணவனை, தெரியுமா என்று எல்லார் முன்னிலையிலும் எழுப்பிக் கேட்டுவிடாதீர்கள். முதல்நாள் மாலையே தனியாகக் கூப்பிட்டு, 'முகத்துவாரம் எந்த மாசம் அடைக்கும்ப்பா? படகு அப்போ எப்படி வெளியே போகும்?' என்று தெரியாதவராகவே கேளுங்கள். நமக்கு உண்மையிலேயே தெரியாதுதானே. அவன் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் சொல்லும் பெயர்களைக் கரும்பலகையில் புத்தகச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதன்பிறகும் அவன் தூங்கினால், காரணம் வகுப்பில் இல்லை, விடியற்காலை வேலையில் இருக்கிறது என்று பொருள். அப்போது பேசவேண்டியது பெற்றோரிடம்.

அருகில் உள்ளதிலிருந்து தொலைவுக்குப் போவது புதிய யோசனையல்ல. நம் பக்கத்து ஊரில் வாழ்ந்த அரவிந்தர் கற்பித்தலுக்குச் சொன்ன மூன்று நெறிகளில் மூன்றாவது இதுவே. புதுச்சேரியில் அவருடைய ஆசிரமப் பள்ளி 1943இல் தொடங்கியது. ஆசிரமப் பள்ளியின் ஏற்பாடுகளை 46 பேர் கொண்ட வகுப்பில் அப்படியே பின்பற்ற முடியாது என்பது உண்மை; இந்த நெறிக்கு ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

போர்ஷன் கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். அதில் விளங்கிய பாடத்துக்கு நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் நேரம் மிச்சமாகும். ஒரு பெருவினா விடையைப் பிள்ளைகளே எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள். சத்தம் கூடும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். தலைமையாசிரியர் கேட்குமுன் நீங்களே அந்த 46 துண்டுத்தாள்களை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். அவரும் கடலூர்க்காரராக இருந்தால், ஆறா கடலா என்று அவரையும் கேளுங்கள். பதில் சொல்ல ஐந்து விநாடி கொடுங்கள்.