‘நான் டி டைப்’ என்று சொல்லும் மனேஜர்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த இடம் வவுனியா. கொழும்பில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பனியில், ஆவணப் பிரிவில் நாலரை வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் மனேஜர் கெட்டிக்காரர். ஆனால் யாரையும் முழுதாகக் கதைக்க விடமாட்டார். போன மாதம் ஒரு கொன்டெய்னரின் விஜிஎம் படிவத்தில் (சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைக் காட்டும் படிவம்) இருந்த எடை, பேக்கிங் லிஸ்ட் கணக்கோடு ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்தேன். மீட்டிங்கில், “சேர், ஒரு சின்ன விசயம், நேற்றுப் பின்னேரம் பழைய ஃபைல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது...” என்று தொடங்கினேன். “பொயின்டுக்கு வாங்க” என்றார். எனக்கு வாய் அடைத்துப்போனது. அவர் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். அந்தக் கொன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. மறுநாள் எல்லோர் முன்னாலும், “உங்களுக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இப்போது ஹெச்.ஆர். எல்லோருக்கும் டிஸ்க் என்ற டெஸ்ட் வைத்தார்கள். ஆட்களின் நடத்தையை நாலு எழுத்துகளாகப் பிரிக்கும் டெஸ்ட் அது. அவருக்கு ‘டி’ வந்தது, எனக்கு ‘சி’. “பார்த்தீங்களா, நான் டி டைப். இது என் இயல்பு. நீங்கதான் பழகிக்கொள்ள வேணும்” என்கிறார். இவரை எப்படிப் புரிந்துகொள்வது? நானும் அவரைப் போல மாறவேண்டுமா? வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

த., வெள்ளவத்தை

அன்புள்ள த.,

அந்த டெஸ்டிலிருந்தே தொடங்குகிறேன். அவர் அதைத்தான் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டிஸ்க் என்பதன் மூலக் கருத்து வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளருடையது. 1928இல் வெளிவந்த தன் நூலில் அவர் நாலு வகை நடத்தைகளை விவரித்தார். இன்று கம்பனிகளில் கொடுக்கும் கேள்வித்தாள்களை அவர் செய்யவில்லை. அவை பிறகு வேறு ஆட்கள் செய்தவை. மார்ஸ்டன் கேட்டது இரண்டே கேள்விகள். ஒருவர் தன் சூழலைச் சாதகமானதாகப் பார்க்கிறாரா, பாதகமானதாகப் பார்க்கிறாரா? அந்தச் சூழலைவிடத் தான் பலமானவர் என்று நினைக்கிறாரா, பலம் குறைந்தவர் என்று நினைக்கிறாரா? சூழல் பாதகமானது, ஆனால் நான் அதைவிடப் பலமானவன் என்று உணர்கிறவர் முட்டி மோதி அதை அடக்கப் பார்ப்பார். அதுதான் டி, அதாவது ஆதிக்கத் தன்மை. அதே பாதகமான சூழலில் தன் பலம் போதாது என்று உணர்கிறவர் விதிகளைப் பிடித்துக்கொள்வார், எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பார். அதுதான் சி.

இதை உங்கள் கந்தோரில் வைத்துப் பாருங்கள். நீங்கள் இருவரும் பயப்படுவது ஒரே விசயத்துக்குத்தான்: சரக்கு கப்பல் ஏறாமல் போய்விடுமோ என்று. அவர் அந்தப் பயத்தில் ஆட்களை விரட்டுகிறார். நீங்கள் எடைக் கணக்கைத் திரும்பப் பார்க்கிறீர்கள். மார்ஸ்டன் சொன்னது நடத்தையைப் பற்றி, அதுவும் சூழலைப் பொறுத்து வரும் நடத்தையைப் பற்றி. பிறக்கும்போதே நெற்றியில் எழுதிய எழுத்து என்று அவர் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பனித் தலைவர் மெதுவாகச் சுற்றி வளைத்துப் பேசும்போது உங்கள் மனேஜர் “பொயின்டுக்கு வாங்க” என்று சொல்கிறாரா? பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அரை மணி நேரம் புலம்பும்போது இடைமறிக்கிறாரா? அங்கே அடக்கிக்கொள்ள முடிகிறது என்றால் உங்களிடமும் முடியும். “என் இயல்பு” என்பது மேலே இருப்பவர்களிடம் வராமல் கீழே இருப்பவர்களிடம் மட்டும் வருமானால், அதற்குக் காரணம் பதவி.

இதைச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் தொழிலில் அவசரம் பொய்யல்ல. 2016 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, சரிபார்க்கப்பட்ட எடை விபரம் இல்லாத கொன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. கட்-ஓஃப் என்ற கடைசி நேரம் தாண்டினால் கெஞ்சிப் பிரயோசனமில்லை. வாடிக்கையாளர் திட்டுவது உங்களை அல்ல, அவரை. ஆதிக்கத் தன்மை கூடியவர்களுக்கு முடிவு வேண்டும், அதுவும் இப்போதே வேண்டும். அவர்கள் மிகவும் வெறுப்பது, தங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடந்து, கடைசி நிமிடத்தில் தங்கள் தலையில் வந்து விழுவதை. நல்ல நாளில் இப்படிப்பட்டவர்கள் பெரிய பலம். யாரும் முடிவெடுக்கத் தயங்கும் நேரத்தில் எடுப்பார்கள். உங்களுக்காக மேலிடத்தோடு சண்டை பிடிக்கவும் அவர்களால் முடியும். (இதே குணம் ஒரு பெண்ணிடம் இருந்தால் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டார்கள், “அந்த மிஸ்ஸுக்கு வாய் கூட” என்பார்கள். அது எனக்கு நெடுநாள் கோபம்.)

ஆனால் அவர் உரத்துச் சொல்வதாலேயே அவர் சொல்வது சரி என்று நீங்கள் எல்லோரும் நம்பத் தொடங்கியிருப்பீர்கள். அதுதான் எனக்குக் கவலை. 2009இல் கமரன் அண்டர்சன், கவின் கில்டஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களைச் சிறு குழுக்களாக இருத்திக் கணக்குகள் செய்யக் கொடுத்தார்கள். ஆதிக்கத் தன்மை கூடியவர்களைத்தான் குழுவில் மற்றவர்கள் திறமைசாலிகள் என்று மதிப்பிட்டார்கள். கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கவில்லை. முதலில் வாயைத் திறந்தார்கள், அடிக்கடி திறந்தார்கள், அவ்வளவுதான். 100க்கு 94 கணக்குகளில், யாரோ முதலில் சொன்ன விடையையே குழு கடைசி விடையாக எடுத்துக்கொண்டது. சரியோ பிழையோ, முதலில் மேசையில் விழுந்ததுதான் நின்றது.

கொழும்புக் கந்தோர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மீட்டிங் ஆங்கிலத்தில் தொடங்கும், சூடு பிடித்ததும் சிங்களத்துக்கு மாறும், முடிவு இரண்டும் கலந்து வரும். வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த பிள்ளை, சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் கதை அடுத்த விசயத்துக்குப் போய்விடும். அதற்கு மேலே நம் வளர்ப்பு வேறு. பெரியவரிடம் ஒன்றைச் சொல்லும்போது எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதை இல்லை என்று பழக்கியிருக்கிறார்கள். “ஒரு சின்ன விசயம், சேர்” என்று நீங்கள் தொடங்கியது அதனால்தான். நீங்கள் காட்டியது மரியாதை. அவர் காதில் விழுந்தது, இது சின்ன விசயம் என்பது மட்டுமே. கப்பலைத் தவறவிடச் செய்யும் விசயத்துக்கு நீங்களே சின்னது என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அடுத்த முறை இப்படிச் சொல்லிப் பாருங்கள். “சேர், மூன்றாவது கொன்டெய்னரின் எடை பிழை. இன்று திருத்தாவிட்டால் கப்பல் தவறும். நான் இப்போதே ஏற்றுமதியாளரிடம் புது விஜிஎம் கேட்கட்டுமா, அல்லது நீங்கள் கதைக்கிறீர்களா?” மூன்றே வசனம். எங்கே கண்டுபிடித்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம். முடிவெடுப்பவர் தானே என்ற உணர்வும் அவரிடம் இருக்கிறது, நீங்கள் செய்யவேண்டிய வேலையும் நடக்கிறது. வசனத்தை முதல் நாளே ஒரு துண்டில் எழுதி வையுங்கள், ஆங்கிலத்தில் என்றால் ஆங்கிலத்தில். மீட்டிங்கில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கஷ்டமாகும். அவர் இடைமறித்தால், “சேர், எடை பிழை, கப்பல் தவறும்” என்று அதே வசனத்தை அதே குரலில் இன்னொரு தரம் சொல்லுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். மீட்டிங் முடிந்ததும் அதையே இரண்டு வரி ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள்.

ஒருவர் ஆதிக்கமாக நடக்கும்போது எதிரில் இருப்பவர் தன்னை அறியாமல் அடங்கிப் போவார் என்பது உளவியலில் பலகாலமாகக் கவனிக்கப்பட்ட விசயம். அந்த அடக்கம் மற்றவரை இன்னும் மேலே ஏற்றிவிடும். உங்கள் மௌனத்தைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுற்றுக்குள் நீங்களும் இருப்பதால், உங்கள் பக்கமிருந்தும் அதைக் கொஞ்சம் மாற்றலாம்.

இனி அந்தச் சம்பளக் கேள்வி. அதை நான் வேறாக வைக்கிறேன். இடைமறிப்பது, அவசரப்படுத்துவது, முகத்துக்கு நேரே “இது பிழை” என்பது எல்லாம் ஒருவருடைய பாணி. பத்துப் பேர் முன்னால் ஒரு பிள்ளையைப் பார்த்து எதுக்குச் சம்பளம் என்று கேட்பது அவமதிப்பு. எந்த எழுத்தும் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. அவர் அமைதியாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து, அறையில் தனியாகச் சொல்லுங்கள்: “சேர், என் வேலையில் பிழை இருந்தால் சொல்லுங்க, திருத்துகிறேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. இனித் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்க.” நேரே சொல்வதை மதிப்பவர்கள் இப்படிப்பட்டவர்களில் நிறையப் பேர். சிலர் மாட்டார்கள். ஆகவே திகதி, சொன்ன வார்த்தை, அங்கே இருந்தவர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் நடந்தால் ஹெச்.ஆருக்கு அந்தக் குறிப்போடு எழுத்தில் போங்கள். டெஸ்ட் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அதை வைத்து ஆட்களை மட்டம் தட்டக்கூடாது என்று சொல்லும் பொறுப்பும் இருக்கிறது.

நானும் அவரைப்போல மாறவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த எடைப் பிழையை அந்தக் கந்தோரில் கண்டது நீங்கள் ஒருவர்தான். அந்தக் கவனத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்ற வேண்டியது அதைச் சொல்லும் விதத்தை மட்டும்.

வேலையை விடுவது பற்றி: விட நினைப்பதில் தவறில்லை, ஆனால் இந்த மாதம் வேண்டாம். நாலரை வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிராஜுவிட்டியாகக் கிடைக்கும். நீங்களாக ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். நியமனக் கடிதத்தை எடுத்துச் சேர்ந்த திகதியைப் பாருங்கள். மிச்சமிருக்கும் மாதங்களில் மேலே சொன்னதை எல்லாம் செய்து பாருங்கள், வேறு இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள். ஐந்து வருடம் முடிந்த பிறகும் அவர் அப்படியே இருந்தால், கையில் அடுத்த நியமனக் கடிதத்தை வைத்துக்கொண்டு ராஜினாமாவைக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா