60 கிரெடிட்டும் நகை அடகும்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும், மகனின் இரண்டு பெறுபேற்றுத் தாள்களின் பிரதிகளும், அந்தத் தனியார் கல்வி நிறுவனத்தின் துண்டுப்பிரசுரமும் கிடைத்தன. "மகன் சாதாரண தரத்தில் நாலு கிரெடிட்தான் எடுத்தவன், இவர்கள் ஒரு வருடத்தில் 60 கிரெடிட் தருவதாகச் சொல்கிறார்கள், காசில்லாவிட்டால் கிரெடிட்டிலும் சேரலாமாம், நகையை அடகு வைக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிரெடிட் என்ற சொல் இங்கே மூன்று தடவை வருகிறது. மூன்று இடத்திலும் பொருள் வேறு. அவற்றைப் பிரித்து அறியாமல் நகையைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

முதலில் மகனின் சாதாரண தரப் பெறுபேறு. அவரிடம் நான்கு 'சீ' இருப்பதால் நான்கு கிரெடிட் என்று எண்ணியிருக்கிறீர்கள். நம் பகுதியில் பல பெற்றோர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பரீட்சையில் கிரெடிட் எனப்படுவது திறமைச் சித்தி. அதற்கு 50 புள்ளிகள் வேண்டும். 50 முதல் 64 வரை 'சீ', 65 முதல் 74 வரை 'பீ', 75உம் அதற்கு மேலும் 'ஏ'. 'சீ'யும் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சித்தியும் திறமைச் சித்தியாகவே கொள்ளப்படும். ஆகவே ஒரு 'ஏ', இரண்டு 'பீ', நான்கு 'சீ' பெற்ற உங்கள் மகனிடம் இருப்பவை ஏழு. இதை அவரிடமே சொல்லுங்கள். பிள்ளை தன்னைக் குறைத்து மதித்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் விட்ட இடங்கள் இருக்கக்கூடும்.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கணிதத்தில் அவர் பெற்றிருப்பது 'எஸ்', அதாவது 35 முதல் 49 வரையான சாதாரண சித்தி. அரச வேலைகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்களில், மொழி, கணிதம் ஆகியவற்றுடன் வேறு இரு பாடங்களில் திறமைச் சித்தியும், மொத்தம் ஆறு பாடங்களில் ஒரே தடவையில் சித்தியும் கேட்பது அடிக்கடி காணப்படும் நிபந்தனை. வங்கிகளின் ஆட்சேர்ப்பிலும் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் இவ்வாறே பார்ப்பார்கள். ஏழு திறமைச் சித்திகள் இருந்தும், கணிதத்தில் ஒன்று இல்லாததால் அவருக்குச் சில கதவுகள் திறக்காமல் போகலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தை மீண்டும் எழுதுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. எந்தத் தடவையில் பெற்ற திறமைச் சித்தியை ஏற்பார்கள் என்பது வேலைக்கு வேலை வேறுபடுவதால், அறிவித்தலை வரிவரியாக வாசித்த பின் விண்ணப்பிக்கட்டும்.

இரண்டாவது, துண்டுப்பிரசுரத்தில் உள்ள 60 கிரெடிட். இதற்கும் பரீட்சைச் சித்திக்கும் தொடர்பே இல்லை. இங்கே கிரெடிட் என்பது படிப்பின் அளவு. நெல்லுக்கு மூட்டை போல, படிப்புக்கு இது ஓர் அளவு. நமது நாட்டின் டிப்ளோமா, பட்டம் போன்றவற்றின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் ஏறத்தாழ 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, ஒப்படை, வீட்டில் படிப்பது, பரீட்சைக்கு ஆயத்தமாவது எல்லாம் இந்த 50இல் அடங்கும். ஒரு முழுநேரக் கல்வியாண்டு 30 கிரெடிட். டிப்ளோமாவுக்கு 30, உயர் டிப்ளோமாவுக்கு 60, பொதுப் பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120 என்பது அந்தச் சட்டகம் வகுத்த குறைந்தபட்ச அளவு.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 கிரெடிட் என்றால் 3000 மணித்தியாலம். அதை ஒரே வருடத்தில் முடிப்பதானால் 52 வாரமும் ஓய்வின்றி வாரத்துக்கு 57 மணித்தியாலத்துக்கு மேல் படிக்க வேண்டும். பிரசுரத்திலோ சனி, ஞாயிறு வகுப்பு மட்டுமே என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அவர்கள் சொல்லும் கிரெடிட் இலங்கையின் கிரெடிட்டாக இருக்க முடியாது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பிரித்தானிய முறையில் ஒரு கிரெடிட் வெறும் 10 மணித்தியாலம். அங்கே ஓராண்டுப் படிப்பு 120 கிரெடிட், சிறப்புப் பட்டம் 360. ஐரோப்பிய முறையில் ஓராண்டு 60, ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம். ஆகவே அதே 60, இலங்கையில் இரண்டு வருடம், ஐரோப்பாவில் ஒரு வருடம், பிரித்தானியாவில் அரை வருடம். எந்த நாட்டு அளவு என்று சொல்லாத 60, மரைக்காலா கொத்தா என்று சொல்லாமல் நெல் அளப்பது போன்றது.

"இந்தக் கிரெடிட்டை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாம்" என்ற வரியும் அதில் இருக்கிறது. மாற்றும் அதிகாரம், கிரெடிட்டைக் கொடுக்கிற நிறுவனத்திடம் இல்லை. ஏற்கிற பல்கலைக்கழகம்தான் எதை ஏற்பது, எத்தனையை ஏற்பது என்று தீர்மானிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, டிப்ளோமாவை முடித்து முழுக் கட்டணமும் செலுத்திய பிறகே தான் சேர விரும்பிய பல்கலைக்கழகம் தன் பாடங்களில் பாதியைக்கூட ஏற்கவில்லை என்பதை அறிந்தார். அன்று நான் முன்னதாகவே அவரை எழுத்தில் உறுதி கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்றாவது, "கிரெடிட்டில் சேரலாம்" என்பது. இது கடன். நம் ஊர்க் கடையின் கடன் கொப்பியும், வாரந்தோறும் முற்றத்துக்கு வந்து அறவிடும் குழுக்கடனும், லீசிங்கும் எந்த வகையோ, இதுவும் அந்த வகைதான். இலத்தீன் மொழியில் 'நம்புதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் கிரெடிட் பிறந்தது. திருப்பித் தருவார் என்று நம்பிக் கொடுப்பதால் அந்தப் பெயர். தமிழிலும் கடன் என்ற சொல் கடமையையும் குறிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையைப் படிப்பிக்கும் கடனை நிறைவேற்றவே பணக்கடனை எடுக்க நினைக்கிறீர்கள். அந்த மனதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் தவணைத் திட்டத்தில் கையெழுத்திடுமுன், பணம் கொடுப்பது நிறுவனமா அல்லது அதனுடன் இணைந்த நிதிக் கம்பனியா என்று கேளுங்கள். நிதிக் கம்பனியானால் அந்தக் கடன், 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில், நம்மவர் 'கிரிப்' என்று சொல்லும் இடத்தில், பதிவாகக்கூடும். கடன் எடுத்தவரின் விபரத்துடன் பிணை நின்றவரின் விபரமும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டினால் அந்தப் பதிவு மகனுக்கு நற்சான்று. பெரும்போக அறுவடை பிழைத்து இரண்டு மூன்று தவணை தவறினால், பின்னொரு நாள் அவர் வங்கிக்குப் போகும்போது அதுவே தடையாக நிற்கலாம். பிணைக்குத் தம்பியின் பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதையெல்லாம் தம்பிக்கு விளங்கப்படுத்தாமல் போட வேண்டாம்.

மகன் கடிதத்தின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு கேள்வி சேர்த்திருந்தார். கணக்கீட்டில் 'பீ' எடுத்தவர், யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளைப் பார்க்கும்போது எல்லாம் தலைகீழாகத் தெரிகிறதாம். பிழை அவரிடம் இல்லை. நமது பாடநூல்களில் டெபிட் என்பது வரவு, கிரெடிட் என்பது செலவு. தமிழ்நாட்டில் டெபிட்டைப் பற்று என்றும் கிரெடிட்டை வரவு என்றும் எழுதுகிறார்கள். ஒரே 'வரவு' கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றையும் இந்தப் பக்கம் அதற்கு நேர் எதிரானதையும் குறிக்கிறது. வங்கியில் பணம் வைப்பிட்டால் கிரெடிட் என்று வருவதும் அவரைக் குழப்பியிருக்கிறது. வைப்பிட்ட பணம் அவருக்குச் சொத்து; வங்கிக்கோ அது திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. வங்கிக் கூற்று, அதாவது ஸ்டேட்மென்ட், வங்கியின் ஏட்டிலிருந்து வருவதால், பொறுப்பு கூடியதை வங்கி தன் கிரெடிட் பக்கத்தில் பதிகிறது. வங்கிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர் இதில் தெளிவாக இருப்பது நல்லது.

அவருக்கு வேறு வழிகளும் உண்டு. இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்துக்கு மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் கிளைகள் இருக்கின்றன. அங்கே முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில், வேலை செய்தபடியே கிரெடிட்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பட்டம் வரை போகலாம். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்த அவர் இந்த இரண்டையும் பார்த்த பிறகே தனியார் நிறுவனத்தைப் பற்றி யோசிக்கட்டும்.

அந்த நிறுவனத்துக்கு மகனையே கடிதம் எழுதச் சொல்லுங்கள். 60 கிரெடிட் எந்த நாட்டின் முறைப்படி, ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணித்தியாலம், எந்தப் பல்கலைக்கழகம் அவற்றில் எத்தனையை ஏற்பதாக எழுதித் தந்திருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, தவணைக்கு வட்டி எவ்வளவு, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை அதில் கேட்கட்டும். பதில் கடிதத்தாளில், கையொப்பத்துடன் வர வேண்டும். தொலைபேசியில் சொல்வதை ஏற்க வேண்டாம். அது வந்ததும் எடுத்துக்கொண்டு மகனுடன் வாருங்கள். நகையைப் பற்றி அன்றைக்கு இருந்து பேசுவோம்.