மருந்து வந்துவிட்டதா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. டுஷேன் தசைச்சிதைவு நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி, தன் மேலேயே ஏறுவது போல எழுகிறான். ‘மருந்து கண்டுபிடித்தாச்சு’ என்று வாரத்துக்கு ஒருவர் செய்தி அனுப்புகிறார். எதையும் படிக்காதே என்கிறார் கணவர். நான் நம்பலாமா?

பதில்: படியுங்கள் அம்மா. அந்தச் செய்திகள் பொய் இல்லை, பாதியைத்தான் சொல்கின்றன. டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் மரபணு பழுதானதால்தான் இந்த நோய். நல்ல மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி உடலுக்குள் அனுப்புவதுதான் அந்தச் செய்திகள் சொல்லும் சிகிச்சை. ஆனால் அந்த மரபணு மிகப் பெரியது, சுமார் 22 லட்சம் எழுத்துகள். அதைச் சுமந்துபோகும் வைரஸிலோ ஏறக்குறைய 4,700 எழுத்துக்குத்தான் இடம். அதனால் மரபணுவை வெட்டிச் சுருக்கி, அவசியமான துண்டுகளை மட்டும் ஏற்றி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது இந்தக் குட்டி வடிவத்துக்குத்தான். முழு குணம் இல்லை. 2025இல், நடக்க முடியாத நிலையில் இதை எடுத்துக்கொண்ட இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஒருமுறை ஏற்றினால் உடல் அந்த வைரஸை எதிர்க்கப் பழகிவிடும், அதனால் இன்றைய நிலையில் இரண்டாம் முறை கிடையாது. அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

2016இல் வந்த இன்னொரு மருந்து, மரபணுவில் ‘எக்ஸான்’ எனப்படும் எண்ணிட்ட துண்டுகளில் 51-ஆவதைத் தாண்டிப் படிக்க வைப்பது, நூற்றில் 13 பேருக்குத்தான் பொருந்தும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் எந்த எக்ஸான் விடுபட்டிருக்கிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த முறை யாராவது செய்தி அனுப்பினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இதுவரை இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுகளைக் கூட்டித் தந்தவை பரபரப்பே இல்லாத சங்கதிகள்: ஸ்டீராய்டு, இதய மாத்திரை, பின்னாளில் இரவில் மூச்சுக்கு உதவும் கருவி. முன்பு இருபதைத் தாண்டுவதே அபூர்வம், இப்போது முப்பதைக் கடந்தவர்கள் பலர். ராத்திரி கணுக்காலில் கட்டும் ஸ்பிளிண்ட்டை அவன் உதறுவான், அழுவான், சரி, ஒரு நாள் விட்டுவிடுங்கள், மறுநாள் கட்டுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, அது ஆபத்து.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் இது பிள்ளையிடமே புதிதாக வந்த மரபணு மாற்றம், அம்மாவிடம் இருக்காது. உங்களிடம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். பழி போட இல்லை, இருந்தால் உங்கள் இதயமும் பலவீனப்படலாம் என்பதால். அவனுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கப் போகும் நாளில் உங்களுக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள்.