மூன்றாவது நீட் வேண்டாம்: கோபிசெட்டிபாளையம் அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம்ங்க அண்ணா. மகளுக்கு இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் அமையவில்லை. மறுபடி நாமக்கல் நீட் பயிற்சி விடுதியில் சேர்ப்பதா, வாய்க்கால் பாசனக் காட்டை விற்று வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இரண்டும் வேண்டாம்; கிருமிகளைப் பற்றிய நுண்ணுயிரியல் படிக்கட்டும். வெளிநாட்டில் முடித்து வந்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டர், எழுதுவோரில் பாதிக்கு மேல் தேறுவதில்லை. பங்காளி வீட்டில் டாக்டர் இருப்பது நீங்கள் காட்டை விற்கக் காரணமாகாது.

அம்மாயிக்கு நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் ஏற்றியபின் நிற்காமல் வயிற்றுப்போக்கு ஆனதையும், ஏன் என்று மகள் அம்மணி வாரக்கணக்கில் தேடிப் படித்ததையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அப்படி வரும் வயிற்றுப்போக்குக்கு ஒரு முக்கியக் காரணம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. குடலின் நல்ல கிருமிகளை மருந்து அழித்ததும் இது பெருகி, ஏ, பி என்று இரண்டு நச்சுகளைச் சுரந்து பெருங்குடலைப் புண்ணாக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கே ஆபத்து அதிகம். இதன் ஸ்போர் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசருக்குச் சாகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தரைக்குப் பிளீச்சிங் வேண்டும்.

இதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை. சனோஃபி 2017-ல் முயற்சியைக் கைவிட்டது. ஃபைசர் 50 வயதைத் தாண்டிய சுமார் 17,500 பேரிடம் மூன்று தவணை ஊசியைச் சோதித்தது. தொற்றைத் தடுக்கும் இலக்கு எட்டப்படவில்லை என்று 2022-ல் தெரிந்தது. ஆனால் தொற்று வந்தும் மருத்துவ உதவி தேவைப்பட்டவர்கள் மருந்தில்லாத போலி ஊசி போட்ட குழுவில் 11 பேர், தடுப்பூசிக் குழுவில் ஒருவரும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் நச்சை முடக்கினாலும் கிருமி குடலில் தங்கிவிடலாம். முதியவர்களின் உடல் தடுப்பூசிக்கு மந்தமாகத்தான் எதிர்வினை காட்டும். 2024-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, நச்சுகளோடு இக்கிருமியின் வேறொரு புரதத்தையும் குறிவைத்த எம்.ஆர்.என்.ஏ. ஊசியை எலிகளில் சோதித்து வெளியிட்டது. அம்மணி படித்து முடிக்கும்போதும் இந்தத் துறையில் வேலை மிச்சமிருக்கும்.

வேலை நுணுக்கமானது. ஆக்சிஜன் பட்டால் இக்கிருமி வளராது; 85% நைட்ரஜன், 10% ஹைட்ரஜன், 5% கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய பெட்டிக்குள் வளர்க்க வேண்டும். வளர்ப்புத் தட்டுகளை முந்தைய நாளே உள்ளே வைக்க வேண்டும். பெட்டியில் மிச்ச ஆக்சிஜனை நீக்கும் பல்லாடியம் வினையூக்கி ஈரமானால் ஆக்சிஜன் மிஞ்சும், தட்டில் எதுவும் முளைக்காது. புதியவர்கள் அதைப் பார்த்து மாதிரியில் கிருமியே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஊசி போட்ட உடலின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் படிப்படியாக நீர்த்து நச்சோடு கலந்து, தட்டின் குழிகளில் வளரும் வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்கள்மேல் விடுவார்கள். நச்சு முடங்காத குழிகளில் செல்கள் உருண்டு திரளும். ஒரு குழியில் அளவு தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொறுமை அம்மணிக்கு இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள், மாமனிடம் அல்ல.

வழி இதுதான்: பி.எஸ்சி. நுண்ணுயிரியல் மூன்று ஆண்டு, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில். சேர்க்குமுன் ஆய்வகத்தைப் பாருங்கள். ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) ஓடுகிறதா, காற்றில்லா ஜாடியை மாணவர்கள் தொடுகிறார்களா என்று விசாரியுங்கள். பிறகு ஜேம் அல்லது கேட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. ஜேம் உயிரித்தொழில்நுட்பத் தாளில் கணிதமும் இயற்பியலும் உண்டு; பிளஸ் டூவில் கணிதத்தை விட்டவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். முதலாண்டிலிருந்தே புள்ளியியலோடு சேர்த்துப் படிக்கட்டும். காசு கொடுத்து புராஜெக்ட் அறிக்கை வாங்கும் பழக்கம் பக்கமே போகக் கூடாது.

எம்.எஸ்சி.க்குப் பின் எழுதும் நெட் (நீட் அல்ல) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு மாணவர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். எம்.எஸ்சி.யோடு நின்றாலும் ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் இடமுண்டு. மருந்தில் கிருமி ஏதும் இல்லை என்று உறுதிசெய்யும் சோதனைக்கு மாதிரியை 14 நாள் வைத்துப் பார்ப்பது போன்ற வேலை. டாக்டர் வருமானம் வராது, இன்றிலிருந்து பிஎச்.டி. முடிய மொத்தம் பத்து ஆண்டாகும். அதைச் சொல்லியே அவளிடம் சம்மதம் கேளுங்கள்.